கம்பியின் மறுமுனையில் ஒருவர்

ஐப்பசி பிறந்துவிட்டால் காத்தான்குடியில் மாலை நேரத்து மின்னலுக்கு எல்லோரும் அஞ்சுவர். ஒரு புறம் வாவி, மறு புறம் கடல். இடையிலே வீடும் வீடும் தோளுரசி நிற்கும் ஊர். இடிமுழக்கம் கேட்டவுடன் வானொலிப் பெட்டியின் கம்பியைக் கழற்றுவதும், தொலைக்காட்சிக்கு மின்சாரத்தை நிறுத்துவதும் இங்குள்ள தாய்மார்களுக்கு வழக்கமான காரியங்கள். ஆனால் சுவரோரத்தில் இருக்கும் தொலைபேசியை மட்டும் பெரும்பாலும் எவரும் நினைப்பதில்லை. அது ஓசையின்றி ஒரு மூலையில் இருப்பதனால் அதனால் ஒருவருக்கும் தீங்கு நேராது என்பது பொதுவான எண்ணம்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய மாலையொன்றுக்கு மறுநாள், எமது நண்பராகிய ஒரு ஹாஜியாரின் இல்லத்துக்கு நாம் சென்றிருந்தோம். முதல் நாள் இடியிலிருந்து அவர் வீட்டுத் தொலைபேசி ஊமையாகிவிட்டது. முறைப்பாட்டின் பேரில் வந்த லைன்மன், வீதியோரத்துக் கம்பத்தில் ஏறிக் கம்பிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். நாம் விறாந்தையில் அமர்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று ஒரு கூச்சல்! வெளியே ஓடிப் பார்த்தபோது, இடுப்பு வாரின் பிடியில் தொங்கியவாறு அம்மனிதர் கையை உதறிக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்துத்தான் அவரால் இறங்க முடிந்தது. முகம் வெளிறியிருந்தது.

"ஹாஜியார், உங்கட வீட்டுக்குள்ள லைன்ல என்ன பூட்டியிருக்கிறீங்க?" என்பதே அவருடைய முதற் கேள்வி.

"வேறொண்டுமில்ல தம்பி. மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கம்பியில்லாத போன்தான். அவன்ட உம்மாக்கெண்டு ஆசையாக் கொண்டுவந்த சாமான்."

"முதல்ல அதக் கழற்றுங்க. லைன் கறண்டெண்டு நினைச்சுத்தான் கைய வச்சன். இது வீட்டுக் கறண்ட்."

அக்கருவியின் அடிப்பீடத்தைக் கழற்றிப் பார்த்தபோது ஒரு பக்கம் கருகியிருந்தது. மின்னல் அதன் உட்புறத்துக் காவலியை எரித்துவிட, வீட்டுச் சுவரிலிருந்து வந்த 230 வோல்ற்று மின்சாரம் தொலைபேசிக் கம்பிக்குள் புகுந்து, வீதியைக் கடந்து, கம்பத்தின் மேலிருந்தவரின் விரலைத் தொட்டிருக்கிறது. அப்பீடத்தைப் புரட்டிப் பார்த்தோம். எந்த நாட்டின் அங்கீகார முத்திரையும் அதில் இல்லை. செய்தவரின் பெயர்கூட இல்லை.

ஹாஜியாரின் மனைவியார் தேத்தண்ணியோடு வந்தார். கோப்பையை நீட்டிய கை நடுங்கியது. "உங்களுக்கு என்னவும் ஆகியிருந்தா உங்கட அம்மாக்கு நான் என்ன பதில் சொல்லுவன் மகன்?" என்று அவர் கேட்டபோது அங்கிருந்த எவராலும் மறுமொழி கூற முடியவில்லை.

அன்பினால் வாங்கப்பட்ட ஒரு பரிசு, முன்பின் அறியாத ஒருவரின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது எவ்வாறு? இவ்வாரம் அதனையே சற்று ஆராய்வோம்.

தொலைபேசிக் கம்பியில் எந்நேரமும் சிறிதளவு மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். தொலைபேசி நிலையத்திலுள்ள மின்கலங்கள் ஏறத்தாழ 48 வோல்ற்று நேரோட்ட மின்சாரத்தை ஒவ்வொரு வீட்டுக் கம்பிக்கும் அனுப்புகின்றன. ஊரில் விளக்குகள் அணைந்த இரவிலும் தொலைபேசி பேசியதற்குக் காரணம் இதுவே. ரிசீவரைக் கையில் எடுத்தவுடன் மின்சாரம் சுற்றி ஓடத் தொடங்குகிறது. 'இந்த வீட்டார் பேச விரும்புகின்றனர்' என்று நிலையம் அறிந்துகொள்கிறது. வெளியிலிருந்து அழைப்பு வரும்போது, மணியை ஒலிக்கச் செய்வதற்காக ஏறத்தாழ 75 முதல் 90 வோல்ற்று வரையான ஆடலோட்ட மின்சாரம் விட்டு விட்டு அனுப்பப்படுகிறது. கம்பத்தில் வேலை செய்பவர் இவ்வளவையும் அறிந்தே கையை வைக்கிறார். மணியோட்டம் பட்டால் கை துள்ளும். அதனையும் அவர் பழகியிருப்பார். வீட்டு மின்சாரம் அக்கம்பியில் வரும் என்று மட்டும் அவர் எதிர்பார்ப்பதில்லை. எதிர்பார்த்தால் அந்தத் தொழிலையே செய்ய இயலாது.

ஆகவே, சுவர் மின்சாரத்தையும் தொலைபேசிக் கம்பியையும் ஒருங்கே தொடும் எந்தக் கருவிக்குள்ளும் ஒரு தடுப்பு இருத்தல் வேண்டும். பேச்சொலியை அப்பால் விடவேண்டும். ஆபத்தான மின்சாரத்தை அப்பால் விடக்கூடாது. நிலைமாற்றி என்னும் உறுப்பு இந்த வேலையைச் செய்கிறது. அதில் இரண்டு கம்பிச் சுருள்கள் ஒன்றையொன்று தொடாமல் அருகருகே இருக்கின்றன. ஒன்றில் எழும் அசைவைக் காந்தப்புலம் மற்றையதற்குக் கொண்டுசெல்கிறது. கம்பியோ கம்பியைத் தீண்டுவதில்லை. விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் இதனைப் பாடநூலிற் கண்டிருப்பர். இச்சுருள்களுக்கு இடையேயுள்ள காவலி எவ்வளவு அதிர்ச்சியைத் தாங்கும் என்பதே கேள்வி. இடிமின்னலின்போது பல நூறு, சில வேளைகளில் பல ஆயிரம் வோல்ற்று அதன்மீது பாயலாம். நல்ல கருவி அதனைத் தாங்கும். அல்லது தான் மட்டும் அழிந்து பிறரைக் காக்கும். மலிவாகச் செய்த கருவியில் காவலி மெல்லியதாக இருக்கும்; சிலவற்றில் இல்லாமலே போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். விலை மாத்திரம் வேறு. கண்ணால் பார்த்து அறிய முடியாத குணத்தை எவ்வாறு அறிவது? தகுதியுடைய ஒருவர் ஆய்வுகூடத்தில் சோதித்து, 'இது தக்கது' என்று முத்திரை இடவேண்டும். வேறு வழியில்லை.

படுவான்கரையில் வயல் வைத்திருக்கும் நேயர்களுக்கு இது புதிய தத்துவமன்று. வாய்க்கால் பலருக்கும் பொது. எவரும் தமது வயலுக்கு மடை திறக்கலாம். ஆனால் கீழ் வயல்காரனின் பயிர் காயும்படியோ, மேல் வரம்பு உடையும்படியோ திறத்தல் ஆகாது. இந்த முறையைக் காப்பதற்குத்தான் வட்டவிதானையார் இருக்கிறார். தொலைபேசிக் கம்பியும் அத்தகைய வாய்க்காலே.

ஆயினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. முறையைக் காக்க வந்த வட்டவிதானையார், "என் கடையில் வாங்கிய மண்வெட்டியால்தான் வரம்பு கட்டவேண்டும், வேறு மண்வெட்டி பட்டால் வாய்க்கால் கெட்டுவிடும்" என்று சொல்லத் தொடங்கினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் நீண்ட காலம் இதுவே நடந்தது. அங்கு தொலைபேசிச் சேவையின் பெரும்பகுதியைத் தன் கையில் வைத்திருந்த அமெரிக்கத் தொலைபேசி தந்திக் கம்பனி, தான் வழங்காத எந்தப் பொருளையும் தன் கம்பியோடு இணைத்தல் கூடாது என்று விதி வைத்திருந்தது. வீட்டிலுள்ள தொலைபேசிகூடக் கம்பனிக்கே சொந்தம். மாதந்தோறும் அதற்கு வாடகை கட்டவேண்டும்.

அந்நாட்டில் 1921ஆம் ஆண்டு முதல் 'ஹஷ்-அ-போன்' என்ற ஒரு சிறு கிண்ணம் விற்கப்பட்டு வந்தது. பேசும் வாய்ப்பகுதியின்மீது அதனைப் பொருத்திக்கொண்டால் பக்கத்திலிருப்பவருக்குப் பேச்சுக் கேளாது. அதில் கம்பியுமில்லை, மின்சாரமுமில்லை. கையைக் குவித்து வாயை மறைத்துப் பேசுவதற்கும் அதற்கும் பெரிய வேற்றுமை கிடையாது. அதையுங்கூடக் கம்பனி தடுத்தது. மத்திய தொடர்பு ஆணைக்குழுவும் 1955இல் கம்பனியின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆனால் 1956இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. பொதுமக்களுக்குத் தீங்கு விளையாதவிடத்து, தன் தொலைபேசியைத் தனக்கு நன்மையாகும் வகையில் பயன்படுத்த ஒருவருக்கு உரிமை உண்டு என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஒரு சிறு கிண்ணத்தினால் ஒரு பெரிய கொள்கை பிறந்தது!

அடுத்து வந்தவர் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த தோமஸ் காட்டர். எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்வோர் வானொலி மூலம் பேசுவதைத் தொலைபேசியோடு சேர்த்துவைக்கும் 'காட்டர்போன்' என்ற கருவியை அவர் செய்தார். ரிசீவரை அதன் தொட்டிலில் வைத்தால் போதும். 1959 முதல் 1966 வரை ஏறத்தாழ 3,500 கருவிகள் விற்பனையாயின. கம்பனி எதிர்த்தது, வழக்கு நடந்தது. 1968ஆம் ஆண்டில் ஆணைக்குழு காட்டருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து, கம்பனியின் தடைவிதியை நீக்கியது. கம்பனி உடனே, "அப்படியானால் எமது பாதுகாப்புப் பெட்டியை வாடகைக்கு எடுத்து அதன் வழியாகவே இணைக்கவேண்டும்" என்று இன்னொரு வேலியைப் போட்டது.

கம்பனியின் அச்சம் முழுவதும் பொய்யா, அல்லது அதில் உண்மையும் உண்டா? இதனை ஆராயுமாறு அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகம் கேட்டுக்கொள்ளப்பட்டது. 1970இல் அது வெளியிட்ட அறிக்கை, பொருத்தமற்ற கருவிகளால் நான்கு வகையான தீங்குகள் நேரலாம் என்று கூறியது. ஆபத்தான மின்னழுத்தம் கம்பியில் ஏறித் தொழிலாளரைத் தாக்குவது ஒன்று. ஹாஜியார் வீட்டில் நிகழ்ந்தது இதுவே. அளவுக்கு மீறிய வலுவுடன் ஒலியைச் செலுத்தி, ஒரே வடத்திற் செல்லும் அயலவரின் கம்பிகளில் பேச்சுக் கசியச் செய்வது இரண்டாவது. இணைக்கம்பிகளின் சமநிலையைக் குலைத்து இரைச்சலை உண்டாக்குவது மூன்றாவது. நிலையத்துக்குத் தவறான சைகைகளை அனுப்பி, இணைப்பையும் கட்டணக் கணக்கையும் குழப்புவது நான்காவது. தீங்குகள் மெய்யானவை, ஆனால் அவற்றைத் தடுப்பதற்குக் கம்பனியின் ஏகபோகம் ஒன்றே வழி அன்று, தகுந்த தராதரமும் சான்றிதழும் இருந்தால் பிறர் செய்த கருவிகளையும் இணைக்கலாம் என்பது அவ்வறிக்கையால் தெளிவாயிற்று. 1975இல் அதற்கான விதிகள் வகுக்கப்பட்டன. பகிரங்கமாக எழுதிவைத்த தராதரத்துக்கு உட்பட்டுப் பதிவுசெய்யப்பட்ட கருவியை எவர் செய்திருந்தாலும் இணைக்கலாம் என்றாயிற்று.

நமது வீடுகளில் தொலைபேசிக் கம்பியின் நுனியில் இருக்கும் சிறிய ஒளியூடு செருகியைப் பிள்ளைகள் பார்த்திருப்பர். 'டிக்' என்ற ஓசையோடு பொருந்துமே, அதுதான். அதன் பெயர் ஆர்.ஜே. 11. 'பதிவுசெய்யப்பட்ட பொருத்துவாய்' என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே ஆர்.ஜே. அந்த வழக்குகளின் பயனாகப் பிறந்த சிறு பொருள், உலகைச் சுற்றிக் காத்தான்குடி வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

நமது நாட்டிலும் ஒரு காலத்தில் தொலைபேசிச் சேவையை நடத்தியதும் அனுமதி கொடுத்ததும் ஒரே அரசாங்கத் திணைக்களந்தான். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் சேவை நடத்துவதையும் ஒழுங்குபடுத்துவதையும் வேறு பிரித்தது. 1996இல் வந்த திருத்தச் சட்டத்தின்படி இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அமைந்தது. தொலைத்தொடர்புக் கருவிகளை இறக்குமதி செய்யவும் விற்கவும் இவ்வாணைக்குழுவின் உரிமம் தேவை. கருவியின் வகைக்கும் அங்கீகாரம் பெறவேண்டும். இதனை வகை அங்கீகாரம் என்பர். அயலிலே இந்தியாவில் 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆந் திகதி முதல், தொலைபேசி, மோடெம், தொலைநகற் பொறி, கம்பியில்லாத் தொலைபேசி ஆகியவற்றுக்கு முதற்கட்டமாகக் கட்டாயச் சோதனையும் சான்றிதழும் விதிக்கப்பட்டன. பிரித்தானியாவில் 1980களில் கையாண்ட முறை எழுத்தறியாதவருக்கும் விளங்கக்கூடியது: அங்கீகாரம் பெற்ற கருவியில் பச்சை வட்டம், பெறாததில் சிவப்பு முக்கோணம். இடியும் மின்னலும் எல்லா நாடுகளுக்கும் பொதுவாதலின், வீட்டுக் கருவிகள் அவற்றைத் தாங்கவேண்டிய அளவைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 'கே. 21' என்னும் பரிந்துரையில் வகுத்திருக்கிறது.

ஒரு வீட்டுக் கம்பியில் எத்தனை தொலைபேசிகளைப் பூட்டலாம் என்பதற்கும் கணக்குண்டு. ஒவ்வொரு கருவியும் மணியோட்டத்தில் ஒரு பங்கைக் குடிக்கும். அப்பங்கைக் குறிக்கும் எண்ணைக் கருவியின் அடியிற் பொறிப்பர். அமெரிக்காவில் அவ்வெண்களின் கூட்டுத்தொகை 5ஐயும், பிரித்தானியாவில் 4ஐயும் தாண்டலாகாது. தாண்டினால் மணி நலிந்து ஒலிக்கும். அல்லது ஒலியாமலே போகும். அறைக்கொன்றாகத் தொலைபேசியைப் பூட்டிவிட்டு, 'அழைப்பே வருவதில்லை' என்று குறைப்படுவோர் இதனை நினைவிற் கொள்வார்களாக.

இனி, நமது பிரதேசத்துக்கே உரிய ஒரு விஷயம். வெளிநாடுகளில் உழைக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது பொருள்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவருவர். அந்நாட்டில் முறையாக விற்கப்பட்ட நல்ல கருவிதானே, இங்கே அதற்கு என்ன தடை என்று அவர்கள் எண்ணுவது இயல்பு. ஆனால் ஒரு நாட்டில் நல்ல பிள்ளையாயிருப்பது மற்றொரு நாட்டில் குழப்பம் செய்யலாம். அமெரிக்காவில் விற்கப்படும் 'டெக்ட் 6.0' என்ற கம்பியில்லாத் தொலைபேசி 1920 முதல் 1930 மெகாஹேட்ஸ் வரையான அலைகளில் பேசுகிறது. அங்கே அதற்கென ஒதுக்கிய இடம் அது. ஆசியாவிலும் ஐரோப்பாவிலுமோ 1920 முதல் 1980 வரையான பகுதி, கைத்தொலைபேசிகள் கோபுரத்தை நோக்கிப் பேசுவதற்காக விடப்பட்டிருக்கிறது. ஆகவே ஒரு வீட்டுக் குசினியில் இருக்கும் அத்தகைய கருவி, அயலிலுள்ள கோபுரத்தின் காதுக்குள் இரைச்சலிட்டு, சுற்றுவட்டாரத்து அழைப்புகளைக் கெடுக்க வல்லது. ஐரோப்பிய முறைக் கருவியோ 1880 முதல் 1900 வரையான இடத்தில் ஒதுங்கி நிற்கும். பெட்டியைப் பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போலத் தோன்றும். நம் ஊர் போன்ற நெருக்கமான ஊரில் ஒரு வீட்டின் அலை பத்து வீட்டுக்குள் புகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

"இப்போது ஒளியிழை வந்துவிட்டதே, இந்தக் கதையெல்லாம் எதற்கு?" என்று சில இளைஞர்கள் கேட்கக்கூடும். நல்ல கேள்வியே. செப்புக் கம்பி இருந்த இடத்துக்குக் கண்ணாடி இழை வந்துகொண்டிருக்கிறது. அந்த இழையினுள் மின்சாரம் ஓடாது, மின்னலும் பாயாது. ஆனால் வாய்க்கால் பொதுவானது என்ற நிலை மாறவில்லை. தீங்கின் வடிவந்தான் மாறியிருக்கிறது. 2016ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜெர்மனியில் ஏறத்தாழ 9 இலட்சம் வாடிக்கையாளரின் இணைப்புகள் ஒரே நேரத்தில் தடைப்பட்டன. வீட்டு ரவுட்டர்களைக் கைப்பற்ற முயன்ற ஒரு தீய நிரலே அதற்குக் காரணம். அந்நிரலின் மூலவடிவம், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமலே விடப்பட்ட கருவிகளைத் தேடித் தேடிப் பிடித்து, அவற்றைக் கொண்டே பிறரைத் தாக்கியது. பிரித்தானியாவில் 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் 29ஆந் திகதி முதல், எவரும் எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொல்லுடன் வீட்டுக் கருவிகளை விற்பது சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கிறது. அன்று மெல்லிய காவலி. இன்று மெல்லிய கடவுச்சொல். இரண்டிலும் குற்றம் ஒன்றுதான்: நம் வீட்டுப் பொருள் பிறர் வீட்டைச் சுடுகிறது.

குடும்பத்தினர் செய்யக்கூடியவை மிகச் சில. கருவி வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் அங்கீகாரத்தைக் கேளுங்கள். உரிமம் பெற்ற கடையா என்றும் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படவேண்டியதில்லை. நேர்மையான வியாபாரி அதனைக் காட்டுவதில் மகிழ்வார். வெளிநாட்டிலிருந்து பொருள் அனுப்ப விரும்பும் பிள்ளைகளுக்கு, வாங்குமுன் விசாரிக்கும்படி எழுதுங்கள். இடி கேட்டால் மின்கம்பியோடு தொலைபேசிக் கம்பியையும் கழற்றுங்கள். ரவுட்டரின் கடவுச்சொல்லை வீட்டுக்கு வந்த அன்றே மாற்றுங்கள். இவ்வளவையும் செய்தபின், ஆணைக்குழுவையும் கம்பனிகளையும் பார்த்து உரத்த குரலில் கேட்கும் உரிமையும் நமக்கு வந்துவிடுகிறது. விதியைக் காட்டுங்கள், அது பொதுநன்மைக்கானதா என்பதை விளக்குங்கள், நல்ல கருவிக்கு விரைந்து அனுமதி கொடுங்கள் என்று கேட்கலாம். விதியை மதிப்பவனே விதியைக் கேள்வி கேட்கவும் தக்கவன்.

ஹாஜியாரின் வீட்டில் இன்றும் அந்தக் கருகிய கருவி அலுமாரியின் மேல் இருக்கிறது. மகன் ஆசையோடு கொண்டுவந்த பொருளை எறிய உம்மாவுக்கு மனம் வரவில்லை. அங்கீகாரம் பெற்ற வேறொன்றை அவர்கள் பின்னர் வாங்கிக்கொண்டார்கள். அது வந்த அன்று, பொருத்துவதற்கு முன் அந்த அம்மையார் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, கருவியைக் கவிழ்த்து, அடியிலிருந்த சிறிய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. இருந்தும் முத்திரை இருக்கிறதா என்று பேரப்பிள்ளையிடம் மும்முறை கேட்டு உறுதிசெய்துகொண்ட பின்னரே பொருத்த விட்டார்.

"கம்பத்தில ஏறுற பிள்ளைக்கு ஒண்டும் வராதுதானே?" என்பதே அவருடைய கேள்வி. வகை அங்கீகாரம் என்பதன் பொருளை இதைவிடச் சுருக்கமாக எடுத்துரைக்க எம்மால் இயலாது.